உறவு சொல்லப்படாத ஈரல்பாசி

இதைக் கேட்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ஈரல்பாசி என்று வழங்கப்படுவது உண்மையில் பாசி அன்று. இலை, தண்டு, வேர் என்று பிரித்துக் காட்ட எதுவும் இல்லாமல், அறுத்துப் போட்ட ஆட்டு ஈரல் துண்டுபோல ஈரப்பாறையில் அப்பிக் கிடக்கும் பச்சைப் பூண்டு அது. மரங்களுக்கும் பூக்களுக்கும் முன்னரே நீரிலிருந்து நிலத்துக்கு ஏறி வந்து, ஏறிய கரையிலேயே இன்றும் தயங்கி நிற்பது. அதில் சில இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் கிட்டாத பெண் செடி தன் மேனியில் சிறுசிறு கிண்ணங்களை வளர்த்து, அவற்றில் பச்சை மணிகளை நிரப்பி, மழைத்துளி விழுந்து தெறிக்கும்வரை காத்திருக்கும். தெறித்து விழுந்து முளைப்பது மகளும் அன்று, தங்கையும் அன்று, மறுபடியும் அதுவேதான்.

அடுத்து அறிய வேண்டியது நனைபாறை எஸ்டேட்டின் வழக்கம். தேயிலைக்காகக் காடு அழிக்கப்பட்ட காலத்தில் மலையேறி வந்தவர்களுள் பெரும்பாலோர் பஞ்சத்திலும் காலராவிலும் வீட்டாரை இழந்த தனியாட்கள் என்பதால், புதிதாக வந்தவரைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தின் நடுவில் நிறுத்தி, இவன் இன்னாருக்கு மச்சான், இன்னாருக்குச் சித்தப்பன் என்று எல்லார் காதிலும் விழும்படி ஒருவர் சொல்வார். சொன்ன மாத்திரத்தில் அது மெய்யாகும். அன்று மாலையே மச்சான் வீட்டிலிருந்து சோறு வரும். அடுத்த தலைமுறையில் அந்த முறையைக் கொண்டே பெண் கொடுப்பதும் விலக்குவதும் நடக்கும். நனைபாறையில் முறையை யாரும் கண்டுபிடிப்பதில்லை, வைக்கிறார்கள். வைத்த முறையை எடுத்தவர் ஒருவரும் இல்லை.

முறை வைக்கப்படாமல் அங்கே வாழ்ந்த ஒரே ஆள் மரகதவடிவு. டி.என்.ஏ. மார்க்கர்களைக் கொண்டு மலையின் ஈரல்பாசி இனங்களுக்குள் யாருக்கு யார் உறவு என்று அறிவதற்காக வந்து, கைவிடப்பட்ட மருந்தகக் கட்டடத்தின் முன்னறையை ஆய்வுக்கூடமாகவும் பின்னறையை வீடாகவும் ஆக்கிக்கொண்டவள். வந்த மறுநாளே களத்தில் அவளை நிறுத்தி, ஆள் பிரிக்கும் கொம்பையா மேஸ்திரி, “நம்ம தங்கச்சின்னு சொல்லிரட்டுமா தாயி?” என்று கேட்டார். “வேண்டாங்க. டாக்டர்னு கூப்பிட்டாப் போதும்,” என்றாள் மரகதவடிவு. அன்றுமுதல் அவள் டாக்டரம்மா ஆனாள். சில காலம் காய்ச்சல்காரர்கள் அவள் வாசலில் வந்து குந்தியிருந்து, தாம் தேடிய டாக்டர் அவள் இல்லை என்பது தெரிந்ததும் எழுந்து போனார்கள்.

அவள் மறுத்ததற்குக் காரணம் உண்டு. ஏழு வயதுவரை அடுத்த வீட்டுக்காரர் ஒருவரைப் பெரியப்பா என்று அழைத்து, அவர் தோள்மேல் ஏறித் தேர் பார்த்து வளர்ந்தவள் அவள். வரப்புத் தகராறு ஒன்று முற்றிய நாளில், “இனிமே அவரைப் பெரியப்பான்னு கூப்பிடாதே, அவங்க நமக்கு வேண்டாதவங்க,” என்று தாய் சொன்னாள். அந்தச் சொல்லை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியாமல் குழந்தை பல நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. பின்னர்த் தாயும் தந்தையும் மறைந்தபோது, அவளுக்கு அப்படி ஒரு சொல்லைக் கொடுக்கவோ திரும்ப வாங்கவோ உலகில் ஒருவரும் எஞ்சவில்லை. எவராலும் திரும்ப வாங்க முடியாத உறவு ஒன்று இருக்குமானால் அது உயிரணுவுக்குள் எழுதப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று தெளிந்து, அதைப் படிக்கக் கற்றாள்.

படிக்கும் விதம் இது. நகத்தளவு பச்சையைக் கிள்ளி, பனிபோலக் குளிர்ந்த குழியம்மியில் அரைத்து, சாற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் குறிப்பிட்ட இடங்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மார்க்கரைக் கலந்து, சூடாக்கிக் குளிர்விக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் பிரதிகளாகப் பெருக்கி, கண்ணாடிபோன்ற ஜெல் பலகையில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால், ஊதா விளக்கின் கீழே ஏணியின் படிகளைப்போல ஒளிக்கோடுகள் தோன்றும். ஒன்றன் ஏணியும் மற்றொன்றன் ஏணியும் எத்தனை படிகளில் ஒத்துப்போகின்றனவோ அத்தனை நெருக்கமான உறவு. வழிமுறைகளில் ஒன்றைக்கூட அவள் சுருக்கியதில்லை. பாசியே இல்லாத வெறுங்குழாய் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் உடன்வைத்து, அது இருட்டாகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைப் பார்ப்பாள்.

முதல் முடிவு கிடைத்த நாளில், களத்தின் ஓரத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த ஆவுடைத்தாய், “என்னத்தத்தான் கண்டுபிடிச்சீங்க, எங்களுக்குஞ் சொல்லுங்களேன்,” என்று கேட்டாள். ஓடைப்பாறையில் இருப்பதும் தொழிற்சாலைச் சுவரில் இருப்பதும் வேறுவேறாகத் தோன்றினாலும் உடன்பிறந்த இனங்கள் என்று மரகதவடிவு சொன்னாள். கடை நின்றது பிரட்டுக் களத்தில் என்பதையும், ஆட்கள் இன்னும் கலையவில்லை என்பதையும் அவள் எண்ணவில்லை.

ஓடைப்பாறையிலிருந்த ஈரல்பாசி அன்றே நகரத் தொடங்கியது. மழை நாளில் ஒரு சாண், மழை இல்லாத நாளில் ஒரு விரற்கடை என்று, அவசரமும் ஓய்வும் இல்லாமல் படிக்கட்டில் ஏறி, வடிகாலைத் தாண்டி, தொழிற்சாலையை நோக்கி அது சென்றது. தண்ணீர் எடுக்கப் போன ஆவுடைத்தாய்தான் முதலில் கண்டாள்.

“கொழுந்தனாரே, ஓடையில கெடந்தது படியில ஏறிப் போய்க்கிட்டு இருக்கு.”

கொம்பையா தேநீரை ஆற்றிக்கொண்டே, “அக்கா தங்கச்சின்னு களத்துல வச்சுச் சொன்னா, போய்ச் சேராம என்ன செய்யும்?” என்றார்.

“இத்தன வருசமா போகலையே?”

“இத்தன வருசமா யாரு சொன்னா?”

அதன்பின் பேச்சு அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு நல்லதா புகையிலை நல்லதா என்பதற்குத் திரும்பியது.

இவ்வாறு அந்த அதிசயம் நனைபாறைக்குள் வந்து, மழைக்காலத்துச் சளியைப்போல, எல்லாருக்கும் உரியதாகிவிட்டது. மரகதவடிவு ஒவ்வொரு முடிவையும் சொல்லச் சொல்ல, மலையெங்கும் ஈரல்பாசிகள் தத்தம் உடன்பிறப்புகளை நோக்கிக் கிளம்பின. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையின் பாரத்தோடு அவற்றைத் தாண்டி அடியெடுத்து வைக்கப் பழகினர். காட்டிலாகாவினர், “பாசி குறுக்கே செல்லும் இடம், மெதுவாகச் செல்லவும்” என்று பலகை நட்டனர். பேருந்து நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு நாள் ஆகும், நடந்துக்கிடுங்க,” என்று பயணிகளை அங்கேயே இறக்கிவிட்டார். ஒன்று குறுக்குவழியாகத் தொழிற்சாலைக்குள் புகுந்து கொழுந்து உலர்த்தும் தளத்தைக் கடந்தபோது, அதைச் சுற்றி இடம் விட்டுக் கொழுந்தைப் பரப்பினார்கள். அந்தத் தேயிலையில் முதல்மழையின் மணம் இருந்தது. மற்றொன்று ஆவுடைத்தாயின் அடுப்படி வழியாகப் போனது. அவள் கரண்டியும் கையுமாக அதைத் தாண்டித் தாண்டிச் சமைத்து, “போற எடத்துக்கு வெறுங்கையோட போகாத,” என்று அதன் ஓரத்தில் மஞ்சள் நீர் தெளித்துவிட்டாள்.

சேர்ந்தவை பங்காளிகளா, மாமன் மச்சான்களா என்று கடையில் வழக்கு நடந்தது. பங்காளி என்றால் தீட்டு உண்டு. மாமன் மச்சான் என்றால் சீர் உண்டு. இரண்டில் எது என்று தெரியாமல் ஊர் எப்படி நடந்துகொள்ளும்?

“அதுக்கெல்லாம் அப்படிப் பிரிவு கிடையாதுங்க. ரெண்டுக்கும் மூதாதை ஒண்ணு, அவ்வளவுதான்,” என்றாள் மரகதவடிவு.

“மூதாதை ஒண்ணுன்னா பங்காளி. தீர்ந்துச்சு,” என்றார் கொம்பையா.

ஆகவே, பாலத்தடியில் இருந்த ஒன்று வெயிலில் கருகி, அதன் உடன்பிறந்தவை எல்லாம் ஓரம் சுருண்டு கிடந்தபோது, தீட்டைக் கருதி அந்த வாரத்துக் காதுகுத்தில் மேளம் வேண்டாம் என்று தீர்மானிக்கப்பட்டது. மேளக்காரர்களும் அதை நியாயம் என்றே ஏற்றுக்கொண்டனர்.

மரகதவடிவு வியக்கவில்லை. காரணம் தெரியாத உண்மையும் உண்மையே என்று கருதி, பாசிகள் கடந்த தொலைவைச் சுண்ணக்கட்டியால் குறித்து அளந்தாள். களத்தில் சொல்வதற்கு முன்னரே மாதிரிகளை எடுத்துவிட வேண்டும் என்பதை வழிமுறையோடு சேர்த்துக்கொண்டாள். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் மலையின் இரண்டு மூலைகள் ஒன்றாயின. சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், அவள் வாசலில் எப்போதும்போல ஒரே ஒரு ஜோடிச் செருப்புத்தான்.

எல்லா இனங்களும் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்று மட்டும் மீந்தது. ஆய்வுக்கூடத்தின் பின்சுவரில், தண்ணீர்த் தொட்டி கசியும் இடத்தில், உள்ளங்கையளவில் படர்ந்திருந்த அதற்கு மாதிரி வரிசையில் பதினேழாம் எண். முழுவதும் பெண் செடி. ஆண் செடியை அந்த மலையில் ஒருவரும் கண்டதில்லை. அதன் ஏணி வேறெந்த ஏணியோடும் ஒத்துப்போகவில்லை. மார்க்கர்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள்; ஒவ்வொரு முறையும் அது, திருமண வீட்டில் தெரிந்த முகம் இல்லாதவரைப்போல, ஒதுங்கியே நின்றது. பக்கத்தில் இருந்தவை அனைத்தும் கிளம்பிப் போனபின் அந்தச் சுவர் வெறுமையாகிவிட, பதினேழு நாளுக்கு நாள் சுருங்கி, ஓரங்கள் பழுத்து, கிண்ணங்கள் காலியாகி வந்தது. ஊர் அதற்கு ஒத்தைப் பாசி என்று பெயர் வைத்து, மரகதவடிவிடம் பேச வந்தது.

“எங்கயாச்சும் சேத்து விடுங்க தாயி,” என்றார் கொம்பையா. “ஓடைப்பாசிக்கு அத்தைன்னு சொன்னா என்ன, கொறஞ்சா போயிரும்?”

“ஜெல்லுல இல்லாததைச் சொல்ல முடியாதுங்க.”

“எங்க தாத்தன் வரும்போது அவருக்கும் ஒருத்தருமில்ல. ஜெல்லப் பாத்தா முறை வச்சாங்க?” என்றாள் ஆவுடைத்தாய்.

“நீங்க வைக்கலாம். நான் வைக்கிறவ இல்ல, பாக்கிறவ.”

“அப்பப் பாத்துக்கிட்டே இருங்க. அது செத்தப்புறம் சுவரப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு ஆவுடைத்தாய் எழுந்து போனாள்.

அந்தச் சொல் தைத்தது. மழை ஓயாத ஒரு பிற்பகலில் மரகதவடிவு கடைசியாக ஒரு முறை முயன்றாள். இம்முறை எடுத்தது எந்த உயிரின் டி.என்.ஏ.விலும் ஏதோ ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடிய மார்க்கர். உறவு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை. பச்சையைக் கிள்ளியபோது அது விரலில் நொறுங்கும் அளவுக்கு மெலிந்திருந்ததால், வலித்துவிடுமோ என்று எண்ணியவள்போல, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தொட்டாள். வாழ்நாளில் அவள் வழிமுறையை மீறியது அந்த ஒரு கணந்தான்.

ஊதா விளக்கை ஏற்றியதும், வெறுங்குழாயைப் பார்ப்பதற்கு முன்னரே, பதினேழின் ஏணியில் புதிய படிகள் ஒளிர்வது கண்ணில் பட்டது. அடுத்து வெறுங்குழாயின் இடத்தைப் பார்த்தாள். இருட்டாக இருக்க வேண்டிய அங்கும் மங்கலாக அதே படிகள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆயினும் உறுதி செய்யாமல் ஒன்றை ஏற்பது அவள் இயல்பன்று. ஆகவே கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்து, தன்னையும் ஒரு குழாயில் இட்டு, பதினேழுக்குப் பக்கத்தில் ஓடவிட்டாள். இரண்டு ஏணிகளும் படிக்குப் படி ஒத்திருந்தன. பாசியின் மேலும் குழாய்களின் மேலும் அவளுடைய வெறும் விரல் பட்டிருக்கிறது. அவள் கண்டது அவளையே. ஜெல்லைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

ஆனால் தொட்டியடியில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த பிரகாசி, கன்னம் துடைத்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். பிரகாசி ஆய்வுக்கூடத்து உதவியாள். மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய பெண். மரகதவடிவு வேலை செய்யும்போது பேசமாட்டாள் என்பதால் பார்த்தே தொழிலைப் பழகியவள். மறுநாள் காலை களத்தில் அவள் சொன்னாள்:

“ஒத்தைப் பாசிக்குச் சொந்தம் கெடச்சிருச்சு. நம்ம டாக்டரம்மாதான். ரெண்டு பேர் ஏணியும் ஒண்ணு. என் கண்ணால பாத்தேன்.”

களத்தில் ஒருவரும் திகைக்கவில்லை. “அதான பாத்தேன். ரெண்டும் வாயத் தெறக்காததுங்க,” என்றாள் ஆவுடைத்தாய். எது மூத்தது என்பதில் மட்டும் சற்று விவாதம் நடந்தது. மலை தோன்றிய காலத்துப் பூண்டு அது, ஆகவே அக்கா முறைதான் பொருந்தும் என்று கொம்பையா தீர்த்து, எல்லார் காதிலும் விழும்படி ஒரு முறை சொன்னார்.

பதினேழு சுவரைவிட்டு இறங்கியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, முதல் படியில் அது ஏறியபோதுதான் மரகதவடிவு கண்டாள்.

“பிரகாசி, களத்துல என்ன சொன்ன?”

“பாத்ததச் சொன்னேன். ஒண்ணா இருந்தா ஒறவுன்னு நீங்கதான சொல்லுவீங்க?”

“வெறுங்குழாய்லயும் அதே கோடு இருந்துச்சே, அதைப் பாக்கலையா?”

“வெறுங்குழாய்ல என்னத்தம்மா பாக்கிறது? அதான் வெறுங்குழாயாச்சே.”

அப்போதே அவள் விளக்கியிருக்க வேண்டும். அப்போதே களத்துக்குப் போய் மறுத்திருக்க வேண்டும். படியிலே பதினேழின் ஓரங்கள் மீண்டும் பச்சையாகி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தளதளத்திருந்தன. “சரி, பீக்கரைக் கழுவி வை,” என்று மட்டும் சொன்னாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் பதினேழு அவள் வாசற்படியில் இருந்தது. அவள் நாற்காலியை நிலைப்படிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். காப்பியை அங்கே குடித்தாள். தூறல் விழும்போது கிண்ணங்களிலிருந்து பச்சை மணிகள் தெறித்து அவள் பாதத்தில் ஒட்டுவதைத் துடைக்காமல் இருந்தாள். ஒருநாளும் அதனை அக்கா என்று அழைக்கவில்லை. பொய் என்று தெரிந்ததை வாயால் சொல்ல வரவில்லை. ஆனால் வெளியே போகும்போது, போய்விட்டு வருகிறேன் என்பதுபோல ஒரு கணம் நின்றுவிட்டுப் போனாள். ஊரோ சொல்லவேண்டியதைச் சொல்லியே வந்தது. கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வந்து, “டாக்டரம்மாவும் அக்காவும் கட்டாயம் வந்துரணும்,” என்று வெற்றிலை பாக்கு வைத்தார்கள். பொங்கலன்று ஆவுடைத்தாய், “அதுக்கு உப்பு ஆகாதாமே,” என்று பொங்கற்சோற்றோடு ஒரு செம்பு மழைநீரையும் கொண்டு வந்தாள்.

உறவுமரத்தில் கிளையொன்றைத் தவறான இடத்தில் ஒட்டினால் மரம் முழுவதும் சாயும் என்பது அவள் கற்ற கல்வியின் பாலபாடம். பதினேழு அடிமரத்தை ஒட்டிய, எல்லாவற்றிலும் பழமையான கிளை. அதற்கு நெருங்கிய உறவு மனிதர் என்றால், மற்ற இனங்களுக்கும் மனிதரே உறவு என்று ஆகிறது. மழை குறைந்தபோது, சேர்ந்திருந்த ஈரல்பாசிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கின. உடன்பிறந்தவற்றை விட்டுவிட்டு அவை தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளை நோக்கி வந்தன. கதவிடுக்கில் நுழைந்து, மனிதர் இருக்கும் இடத்தைத் தேடி, மனிதர் அதிகம் இருக்கும் இடமாகிய அடுப்படிக்குப் போய், தீயின் அருகில் காய்ந்து சருகாயின. ஊர்மக்கள் விருந்தினரைப்போலத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். முற்றத்துக்கு எடுத்துப் போய் விட்டார்கள். விட்டவை திரும்பவும் அடுப்படிக்கே வந்தன. ஓடைப்பாசியின் பாதி பிரகாசியின் வீட்டில் கருகியது. அதனை அவள் முறத்தில் ஏந்திக் கொண்டு வந்து காட்டினாள்.

“எங்களத் தேடி வருதும்மா. நாங்க என்ன செய்யட்டும்?”

மரகதவடிவு அந்தச் சருகைப் பார்த்தாள். வாசற்படியைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடிவெடுக்க இயலாது என்று அறிந்திருந்தாள். அப்படியே இன்னொரு மாதம் விட்டால் மலையில் ஈரல்பாசியே மிஞ்சாது. அவள் வாசலில் இருப்பது மட்டும் மிஞ்சும்.

மறுநாள் காலை, மூடுபனியில் முகம் தெரியாத கூட்டத்தின் நடுவே, வந்த மறுநாள் தன்னை நிறுத்திய அதே களத்தில் அவளாகவே வந்து நின்றாள்.

“ஒத்தைப் பாசிக்கும் எனக்கும் உறவு கிடையாது. என் விரல் பட்டதால வந்த தப்பு அது. அதுக்கு இந்த மலையில உறவு யாருமில்ல.”

கொம்பையா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அருகில் வந்தார்.

“வச்ச முறைய எடுக்கிற பழக்கம் இங்க கெடையாது தாயி.”

“தெரியும்.”

“தப்பாவே இருக்கட்டும். ஏணி வேண்டாம், கோடு வேண்டாம். இப்ப நீங்களா ஒரு முறை வச்சுக்கிடுங்க. யாரு கேக்கப் போறா?”

“மத்தது எல்லாம் கேக்கும்,” என்றாள் மரகதவடிவு. “நான் என்ன சொன்னாலும் அதுக கேக்குது. நான் அதை அக்கான்னு சொன்னா, நாளைக்கு எல்லாம் திரும்ப உங்க அடுப்புக்கு வந்துரும்.”

ஆவுடைத்தாய், “அது கிட்டப் போயாச்சும் சொன்னீங்களா, இல்ல இங்க சொன்னதே போதும்னு விட்டுட்டீங்களா?” என்று கேட்டாள். மரகதவடிவு வீட்டை நோக்கித் திரும்பி நடந்தாள்.

அவள் வீடு திரும்புவதற்குள் பதினேழு படியிலிருந்து இறங்கியிருந்தது. அது வாடவில்லை, சுருங்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை, கோபித்துக்கொள்ளும் உரிமை இல்லை என்பது சற்று முன்னர்தான் அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. உறவு இந்த மலையில் இல்லை என்றதால், அது மலையைவிட்டே போகத் தலைப்பட்டது. களத்தின் ஓரமாக அது ஊர்ந்து சென்றபோது, ஆள் பிரிப்பை நிறுத்திவிட்டு எல்லாரும் வழிவிட்டு நின்றனர். சோதனைச்சாவடியை அடைய அதற்கு மாதங்கள் ஆயின. அங்கே தடைக்கட்டையின் கீழே நுழைந்து, கீழ்நாட்டுக்கு இறங்கும் சாலையில் திரும்பியது.

அந்தச் சாலையை மரகதவடிவு அறிவாள். முதல் சில வளைவுகள்வரைதான் மேகம்; அதன்பின் மலையின் மறுபுறம், மழை தாண்டிப்போய்விடும் வெயில்பக்கம்; கள்ளியும் சுடுகல்லும் உள்ள இடம்; ஈரமே தெரியாத பாறை. அங்கே அது ஒரு பகற்பொழுதுகூடத் தாங்காது. இத்தனை மாதங்களும் அது போன வழியில் தினமும் மாலையில் போய்த் தொலைவை அளந்து வந்தவள், அன்று ஆய்வுக்கூடத்தைப் பூட்டி, பிரகாசியின் கையில் சாவியைக் கொடுத்தாள். ஒரு குடை, பூவாளி, மாற்றுச் சேலை.

“எங்கம்மா கெளம்பிட்டீங்க?”

“தண்ணி ஊத்த.”

“எம்புட்டுத் தூரத்துக்கு?”

“அது போற தூரத்துக்கு.”

பிரகாசி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே, “ஒறவு இல்லைன்னு களத்துல சொல்லியாச்சு. அப்ப அது ஒங்களுக்கு யாரும்மா?” என்றாள்.

மரகதவடிவு விரலை உதட்டின்மேல் வைத்தாள். பின்னால், கல்லிலும் சுவரிலும் ஓடைக்கரையிலும், மற்ற ஈரல்பாசிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

பின்னர் உறுதிப்பட்டவை இவை:

அடுப்படிகளுக்கு வந்திருந்த ஈரல்பாசிகள் அடுத்த மழைக்குள் திரும்பிப் போய்த் தத்தம் உடன்பிறந்தவற்றோடு சேர்ந்தன என்பது. கருகியவை மீளவில்லை என்பது.

மரகதவடிவு வரைந்து முடித்த உறவுமரத்தில் பதினேழு எதனோடும் சேராத தனிக்கோடாகவே நிற்கிறது என்பது.

அந்த இருவரைப் பற்றி எந்த முறையும் களத்தில் சொல்லப்படக் கூடாது என்று கொம்பையா விதித்தார் என்பதும், புதியவர் எவரேனும் சாலையில் கண்டு விசாரித்தால், “போறாங்க,” என்று மட்டுமே நனைபாறையார் விடை கூறுவர் என்பதும்.

முதல் பேருந்தில் ஆவுடைத்தாய் நாள்தோறும் சோறு கொடுத்தனுப்புகிறாள் என்பது. அதனை வாங்கிக்கொள்ள மரகதவடிவு சாலையோரத்துக்கு வரும் அந்தச் சில கணங்களில் நடத்துநர் குடையைப் பிடித்துக்கொள்கிறார் என்பது. பயணிகள் புட்டியில் மிஞ்சிய தண்ணீரைச் சன்னல் வழியே குனிந்து மெதுவாக ஊற்றுகின்றனர் என்பது.

வெயில்பக்கத்தில் குடை பாசியின் மேலேயே இருக்கிறது என்பதும், மரகதவடிவின் முகம் கறுத்துத் தோல் உரிந்துவிட்டது என்பதும்.

அவள் உதடுகள் சில வேளைகளில் அசைவதை ஓட்டுநர்கள் கண்டிருக்கிறார்கள், ஆனால் ஓசை கேட்டவர் ஒருவருமில்லை என்பது.

அவர்கள் இன்னும் கீழே போய்ச் சேரவில்லை என்பது.